ஒரு பிடி அரிசி



சென்ற மாதம் இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் ஒன்றை வாசித்துவிட்டு என்னால் மடித்து வைக்க முடியவில்லை. வன்னியில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். காணாமலாக்கப்பட்ட கணவரைத் தேடி அலைந்து களைத்தவர். மூன்று பிள்ளைகளின் தாய். அவர் எழுதியிருந்தது இதுதான்:

"போர் முடிந்த நாளில் இருந்து எல்லாரும் எங்களுக்குத் தருகிறார்கள். தறப்பாள் தந்தார்கள், கோழிக்குஞ்சு தந்தார்கள், தையல் மெசின் தந்தார்கள். கோயிலில் சுவாமி பிரசங்கத்தில் பிறருக்குக் கொடுங்கள் என்று சொல்லும்போது நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அது எனக்குச் சொல்வதல்ல, எனக்குத் தருகிறவர்களுக்குச் சொல்வது என்று நினைத்துக்கொள்வேன். நான் எப்போதும் வாங்குகிறவள்தானா, அக்கா?"

இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். ஆகவே இந்த மாதம் என் சொந்தக் கதையையே எழுதுகிறேன். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். அதனால் என் பேச்சில் கோயிலும் செபமாலையும் வரும். சைவச் சகோதரிகளும் இஸ்லாமியச் சகோதரிகளும் குறை நினைக்காமல், உங்கள் வீட்டுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். தென்மராட்சியில் சில மாதம் இருந்தோம். பிறகு கடல்நீரேரியைக் கடந்து கிளிநொச்சி போனோம். 1996இல் அங்கே செல் விழுந்து என் கணவர் இறந்தார். 1997இல் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தேன். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் சிறிய அறை கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, மண்ணெண்ணெய் அடுப்பு. பொலிஸ் பதிவுத் துண்டைச் செபப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இரவில் கதவைத் தட்டினால் முதலில் கை போவது அந்தப் புத்தகத்துக்குத்தான்.

அந்த வருட நத்தாருக்கு ஒரு இடத்தில் உதவிப் பொதி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பிள்ளைகளோடு போனேன். எந்த இடம், யார் கொடுத்தது என்பதை எழுத மாட்டேன். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. நல்ல அரிசி, பருப்பு, சீனி, பால்மா, பிள்ளைகளுக்கு உடுப்பு என்று பொதியும் நல்ல பொதி. ஆனால் வரிசை மூன்று மணித்தியாலம் நின்றது. பொதியை மகளின் கையில் கொடுக்கும்போது படம் எடுத்தார்கள். படம் சரியாக விழவில்லை என்று பொதியைத் திரும்ப வாங்கி, இன்னொரு முறை கொடுத்து, "பிள்ளை, சிரி" என்றார்கள். என் மகள் சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்: "அம்மா, ஏன் எங்களைப் படம் எடுக்கினம்? நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த அரிசியைத்தான் அடுத்த இரண்டு கிழமையும் சமைத்தேன். பசி தீர்ந்தது. ஆனால் சோறு தொண்டையில் இறங்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

லொட்ஜுக்குப் பக்கத்தில், ஜம்பட்டா வீதி ஒழுங்கை ஒன்றில் ஒரு சிங்கள அக்கா அப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். என் பிள்ளைகள் அந்த வழியாகப் போவதைக் கண்டு ஒருநாள் நான்கு அப்பத்தைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டார். அடுத்த நாளும் கொடுத்தார். மூன்றாம் நாள் நானே போய், "அக்கா, குறை நினைக்காதையுங்கோ, எங்களிட்டக் காசில்லை, குடுக்க வேண்டாம்" என்று சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காசு யார் நங்கி கேட்டது?" என்றார். சிங்களத்தில் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு தன் சட்டையின் தோளைக் காட்டி, "இது கிழிஞ்சு ஒரு மாசம். எனக்குத் தைக்கத் தெரியாது. உன்னட்ட ஊசி இருக்கா?" என்று கேட்டார்.

என்னிடம் ஊசி இருந்தது. அன்று பின்னேரம் அவருடைய சட்டையைத் தைத்தேன். அடுத்த கிழமை அவருடைய மகளின் பாடசாலைச் சீருடையைத் தைத்தேன். அதற்கடுத்த மாதம் அந்த ஒழுங்கையில் ஐந்து வீட்டுத் தையல் வேலை எனக்கு வந்தது. அப்பமும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது தொண்டையில் சிக்கவில்லை.

பொதி தந்தவர்கள் தந்தது அதிகம். அப்பக்கடை அக்கா தந்தது நான்கு அப்பம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பல நாள் யோசித்தேன். அவர் எனக்குத் தந்ததோடு நிற்காமல் என்னிடமும் ஒன்றைக் கேட்டார். என்னிடமும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று அவர் நினைத்தார். கணவர் இறந்த பிறகு என்னை அப்படிப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

யோவான் நற்செய்தியில் ஒரு கிணற்றடிக் கதை வருகிறது. சமாரியப் பெண் ஒருத்தி தண்ணீர் அள்ள வருகிறாள். உச்சி வெயில். ஊர்ப் பெண்கள் அந்த நேரத்தில் வருவதில்லை. ஐந்து கலியாணம் முடித்து, ஊர் வாய்க்குப் பயந்து தனியாக வந்தவள் என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். அவளுக்கு ஜீவத்தண்ணீர் கொடுக்க இயேசு அங்கே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அவர் முதலில் பேசியது என்ன? குடிக்கத் தண்ணீர் தா என்று அவளிடமே கேட்கிறார். கொடுக்க வந்தவர் கேட்டுக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறார். பழைய ஏற்பாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசி சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணிடம் போகிறார். அவளிடம் இருப்பது ஒரு கைப்பிடி மாவும் கொஞ்ச எண்ணெயும். அதில் தனக்கு ஒரு அப்பம் சுட்டுத் தரச் சொல்கிறார். சிறு வயதில் இது எனக்கு அநியாயமாகத் தெரிந்தது. இல்லாதவளிடம் போய் கேட்பதா? கொட்டாஞ்சேனைக்கு வந்த பிறகுதான் அந்தக் கதை எனக்குப் புரிந்தது. சாகக் காத்திருந்த ஒரு பெண்ணை அவர் மறுபடியும் அடுப்படிக்கு அனுப்பினார்.

அதன் பிறகு என் அம்மாவின் வழக்கம் ஒன்றை லொட்ஜ் அறையில் திரும்பத் தொடங்கினேன். பிடியரிசி. நம்மில் வயதானவர்களுக்கு இது தெரியும். உலைக்கு அரிசி அளந்த பிறகு, கழுவ முன், அதில் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறு பானையில் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசியில் அது கோயிலுக்கோ ஏழை வீட்டுக்கோ போகும். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் கிறிஸ்தவ வீடுகளில் பழகிய வழக்கம் இது. சைவ வீடுகளிலும் உண்டு. அந்தக் காலத்துப் பெண்களின் கையில் காசு இருக்கவில்லை. காணி, நகை, சம்பளம் எல்லாம் வேறு கைகளில் இருந்தன. அடுப்படி அரிசி ஒன்றுதான் அவர்கள் யாரையும் கேட்காமல் எடுக்கக் கூடியதாக இருந்தது. அதில் இருந்து அவர்கள் கொடுத்தார்கள்.

எனக்குப் பானை இல்லை. வெறும் பால்மா ரின் ஒன்றைக் கழுவிக் காயவைத்தேன். அது அந்த நத்தார்ப் பொதியில் வந்த பால்மாவின் ரின். ஒரு நாளைக்கு ஒரு பிடி. என் கை சிறிய கை. ஒரு பிடி 40 கிராம்தான் வரும். ஆனால் 30 நாளில் அது 1 கிலோ 200 கிராம். முதல் மாத அரிசியை, அதே லொட்ஜின் மேல்மாடியில் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்து ஏமாந்துபோன ஒரு வயோதிப அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "அம்மா, என்ர மகளுக்கு உங்கட கையால ஒருக்காத் தலை பின்னிவிடுவீங்களோ?" என்று கேட்டேன். அந்த அம்மா அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் என் மகளுக்குத் தலை பின்னிவிட்டார். ஊரில் விட்டுவிட்டு வந்த தன் பேத்தியின் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்.

செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவோம். கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தமிழர், சிங்களவர் என்றும் கிறிஸ்தவர், சைவர், பௌத்தர், முஸ்லிம்கள் என்றும் எல்லாரும் வருவார்கள். பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்துகிறவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. அந்தக் கோயிலின் தொடக்கக் கதையும் ஒரு அகதியின் கதைதான். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டிருந்தது. கொச்சியில் இருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் வியாபாரியைப் போல வேடமிட்டு மறைவாகத் தங்கியிருந்தார். முகத்துவாரத்து மீனவர்கள், கடல் தங்கள் கரையை அரிக்கிறது, செபியுங்கள் என்று அவரிடம் கேட்டார்கள். அவர் கடற்கரையில் சிலுவையை நட்டுச் செபித்தார், கடல் பின்வாங்கியது என்பது வழிவழியாக வரும் கதை. 1834இல் அங்கே பெரிய கோயில் எழுந்தது. ஒளிந்திருக்க இடம் தேடி வந்தவரிடம்தான் அந்த ஊர் மக்கள் உதவி கேட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

2003இல் நாங்கள் வெள்ளவத்தைக்கு மாறினோம். தையல் கடையில் எனக்கு நிரந்தர வேலை கிடைத்தது. மகன் வளர்ந்தான். பதினான்கு வயதில் ஒருநாள் செபமாலை சொல்லும் நேரம் எழுந்து நின்றான். "அப்பா செத்த அண்டைக்கு உங்கட அந்தோனியார் எங்க போனவர்?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான். அடிக்கக் கை ஓங்கினேன். பிறகு இறக்கினேன். அது நானும் எனக்குள் கேட்ட கேள்விதான். கேட்கப் பயந்து நான் வைத்திருந்ததை அவன் கேட்டான். அன்று முதல் அவனைச் செபத்துக்குக் கூப்பிட்டேன், ஆனால் இழுக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: "செபமாலைக்கு வராட்டிலும் பரவாயில்லை. பிடியரிசி எடுக்கிறது இனி உன்ர வேலை." அந்த வேலையை அவன் ஒருநாளும் விடவில்லை. அவனுடைய கை என் கையைவிடப் பெரிது. மாதம் 2 கிலோ சேரத் தொடங்கியது.

2007 ஜூன் 7ஆம் திகதியை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் விடியற்காலையில் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. வவுனியாவில் இருந்து பஸ்களில் திரும்பி வந்தவர்களில் எங்கள் ஒழுங்கை லொட்ஜுப் பெண்கள் சிலரும் இருந்தார்கள். அன்று மகன் எதுவும் பேசாமல் ரின்னைத் திறந்து அரிசியை எடுத்து வெளியே வைத்தான். இரவு கஞ்சி காய்ச்சினோம். வந்த பெண்களில் ஒருத்தி அழுதுகொண்டே, "நான் தேங்காய் துருவட்டோ?" என்று கேட்டாள். முன்பென்றால், "நீங்கள் இருங்கோ, களைச்சுப்போய் வந்திருக்கிறியள்" என்று தடுத்திருப்பேன். அன்று துருவலகையை அவளிடம் நகர்த்தினேன். துருவத் துருவ அவளுடைய அழுகை அடங்கியது.

இவ்வளவும் படித்துவிட்டு நான் எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பிழை ஒன்றை நானும் விட்டிருக்கிறேன். 2011இல் கோயில் பெண்களோடு சேர்ந்து விசுவமடுப் பக்கம் போனோம். மீளக் குடியேறியிருந்த குடும்பங்களுக்குப் பாத்திரமும் உடுப்பும் கொண்டு போனோம். ஒரு தகரக் கொட்டிலில் ஒரு தங்கச்சி, இரண்டு சிறு பிள்ளைகள். பொருட்களைக் கொடுத்துவிட்டு எழும்பினோம். "அக்கா, பிளேன்ரீ ஒண்டு குடிச்சிட்டுப் போங்கோ" என்று அவள் கேத்திலை அடுப்பில் வைத்தாள். நான், "வேண்டாம் தங்கச்சி, உங்களுக்கே கஷ்டம்" என்று சொன்னேன். கரிசனையோடுதான் சொன்னேன். ஆனால் அவளுடைய முகம் சுருங்கிப்போனது. கேத்திலை அடுப்பில் இருந்து இறக்கி வைத்தாள்.

வாகனம் மாங்குளம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. என் மகளைச் சிரிக்கச் சொன்னவர்களுக்கும் எனக்கும் இப்போது என்ன வித்தியாசம்? நான் படம் எடுக்கவில்லை, அவ்வளவுதான். அவள் கொடுக்க நீட்டிய கையை நான் தள்ளிவிட்டேன். அடுத்த வருடம் அதே வீட்டுக்குத் தனியாகப் போனேன். வாசலில் நின்றே, "தங்கச்சி, போன முறை குடிக்காமல் போன ரீயைக் குடிக்க வந்திருக்கிறன்" என்றேன். அவள் சிரித்தாள். சீனி இல்லை, பனங்கட்டிதான் இருந்தது. அதைக் கடித்துக்கொண்டு குடித்தேன்.

கேட்டுப் பெறுவதையே தொண்டாகச் செய்த ஒரு பெண்ணைப் பற்றிச் சில வருடங்களுக்குப் பிறகு வாசித்தேன். பிரான்ஸ் நாட்டில் ஜான் ஜுகான் என்ற ஏழை வேலைக்காரப் பெண், 1839இல், பார்வையற்ற ஒரு கிழவியைத் தன் அறைக்குக் கூட்டி வந்து தன் கட்டிலைக் கொடுத்தார். பிறகு இன்னும் பல கிழவிகள் வந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட அவரிடம் காசில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அவர்களுக்காகக் கேட்டார். அப்படித் தொடங்கியதுதான் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' சபை. 19ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் கொழும்புக்கு வந்துவிட்டார்கள். மருதானையில் அவர்களுடைய முதியோர் இல்லம் இருக்கிறது. ஜான் ஜுகான் 2009இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். கூடை ஏந்தியதற்காக அவர் வெட்கப்படவில்லை. கொடுக்கிறவருக்கும் அது ஒரு வாய்ப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி 2019ஐ எழுத வேண்டும். எழுதாமல் விட முடியாது.

அந்த வருடம் ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாங்கள் அன்று வெள்ளவத்தையில் பூசைக்குப் போயிருந்தோம். கொச்சிக்கடையில் அப்பக்கடை அக்காவின் மகள் இருந்தாள். நான் சீருடை தைத்துக் கொடுத்த அதே பிள்ளை. இப்போது அவளும் ஒரு தாய். உயிர் தப்பினாள். ஆனால் ஒரு காதின் கேள்வி போய்விட்டது. கோயிலுக்கு வராத என் மகன் அன்று இரத்த வங்கியில் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்துவிட்டு இரவில்தான் வீட்டுக்கு வந்தான்.

எங்கள் தொடர்மாடியின் கீழ்வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த ராத்தா ஒவ்வொரு நோன்புக்கும் எங்களுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்துவிடுவார். நத்தாருக்கு நாங்கள் பலகாரம் கொடுப்போம். பல வருடப் பழக்கம். அந்த மே மாதம் நோன்பு தொடங்கியது. கஞ்சி வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், வராதது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. அக்காவின் மகளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு, கீழ்வீட்டுக் கதவைப் பார்க்க முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்கும் குண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று புத்திக்குத் தெரியும். மனது கேட்கவில்லை. 1983இலும் அதற்குப் பிறகும், யாரோ செய்ததற்கு எங்களைத் தண்டித்தவர்களின் மனதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கே பயமாக இருந்தது.

மகன்தான் சொன்னான்: "அம்மா, கீழ்வீட்டு ராத்தா ரெண்டு கிழமையா வெளியில வரேல்லை."

அன்று பின்னேரம் ஒரு வெறும் சட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பன்னிரண்டு படிகள். ஒவ்வொரு படியிலும் திரும்பிவிடலாமா என்று இருந்தது. கதவைத் தட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சங்கிலி போட்டபடி கதவு கொஞ்சம் திறந்தது. நான் சட்டியை நீட்டினேன். "ராத்தா, இந்த முறை எங்கட கஞ்சி எங்க?" என்று கேட்டேன்.

அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க எடுக்க மாட்டீங்கன்டு நெனச்சன்" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை. எனக்கும்தான். சட்டி நிறையக் கஞ்சி வந்தது. அதில் பாதியை அடுத்த நாள் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டு போனேன். யார் காய்ச்சியது என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகளுக்கும் ஊட்டி, தானும் ஒரு கரண்டி குடித்தார். ஜூன் 12ஆம் திகதி கோயில் திரும்பத் திறக்கப்பட்டது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் போனபோது, ராத்தாவுக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

ராத்தாவுக்கு நான் கொடுத்தது எதுவுமில்லை. அவரிடம் கேட்டேன், அவ்வளவுதான். கொடுத்திருந்தால், மன்னித்தவள் மாதிரியும் பெரிய மனசுக்காரி மாதிரியும் நான் மேலே நின்றிருப்பேன். மன்னிக்க அவர் என்ன பிழை செய்தார்? கேட்டதால்தான் இரண்டு பேரும் ஒரே படியில் நின்றோம்.

கடைசியாக ஒரு சம்பவம். இது கடிதம் எழுதிய சகோதரிக்காக.

2022இல் கொழும்பு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை, அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. தேவாலயங்களில் சமூகச் சமையலறைகள் நடந்தன. எங்கள் பகுதிப் பெண்களும் ஒரு கொட்டகையில் விறகு மூட்டிச் சமைத்தோம். ஒருநாள் மகனுக்குத் தொலைபேசி வந்தது. பஸ்ஸில் ஒரு மூட்டை வருகிறது, போய் எடுக்கவும் என்று. மூட்டையில் 25 கிலோ அரிசி, முருங்கைக்காய், ஒரு போத்தல் நல்லெண்ணெய், பனங்கட்டிக் குட்டான் ஒன்று. விசுவமடுத் தங்கச்சி அனுப்பியிருந்தாள். முதல் வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் வயல்கள் எல்லாம் விளைச்சல் குறைந்திருந்த நேரம் அது. அவளுடைய வீட்டுக்கும் அந்த அரிசி தேவைதான். அழைத்துக் கேட்டேன். அவள் சொன்னாள்: "அக்கா, வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதையுங்கோ."

நான் சொல்லவில்லை. அந்த அரிசியை அன்றே உலையில் போட்டோம். வன்னியில் இருந்து வந்த அரிசி என்று வந்தவர்களிடம் சொன்னோம். பொரளைப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு சிங்கள மனிதர், கையில் கோப்பையோடு, அது எந்த இடம் என்று கேட்டார். மகன் விளங்கப்படுத்தினான். அந்த மனிதர் கோப்பையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அன்புள்ள சகோதரி, உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். நீங்கள் எப்போதும் வாங்குகிறவள் அல்ல. உங்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அது கேட்காதவர்களின் பிழை. தையல் மெசின் தந்தவர்கள், உங்களிடம் ஒரு சட்டை தைத்துத் தரக் கேட்டிருக்க வேண்டும். கோழிக்குஞ்சு தந்தவர்கள், அது வளர்ந்த பிறகு ஒரு முட்டை கேட்டு வந்திருக்க வேண்டும்.

அவர்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கு உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்து ஒரு ரின்னில் போடுங்கள். பிள்ளைகளில் ஒன்றிடம் அந்த வேலையைக் கொடுங்கள். உங்கள் ஒழுங்கையில் பத்து வீடு சேர்ந்தால் மாதம் 12 கிலோ வரும். ஒரு தனித்த கிழவிக்கு அது ஒரு மாதச் சோறு. கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவரிடமும் ஏதாவது ஒன்றைக் கேளுங்கள். ஊறுகாய் போடும் பக்குவமோ, பழைய பாட்டோ, பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவதோ, எதுவாகவும் இருக்கட்டும். வெறுங்கையோடு வரவேண்டாம். அரிசி எடுக்க முடியாத நாளும் வரும். அந்த நாளில் வெட்கப்படாமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அதுவும் பக்கத்து வீட்டுக்குச் செய்யும் உதவிதான்.

எங்கள் வீட்டுப் பால்மா ரின்னின் மூடி துருப்பிடித்துவிட்டது. மகள் புதிய ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறாள். நான் விடவில்லை. இப்போது அதில் அரிசி போடுவது பேத்தி. அவளுக்கு ஐந்து வயது. அவளுடைய பிடியில் 15 கிராம்கூட வராது. பரவாயில்லை.

உங்கள் ஊரில் பிடியரிசி தொடங்கினால் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் சகோதரி